ராஜாவுக்கு மேல் ஒரு தலை

ஏழரைக்கோட்டைப் பாளையத்தில் ஒரே ஒரு சட்டத்தை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அதை மறந்துபோகிற ஆள் அங்கே உயிரோடு இருக்க முடியாது: ராஜாவின் தலைக்கு மேலே இன்னொரு தலை இருக்கக் கூடாது, இருந்தால் அந்தத் தலை இருக்காது. அதனால் ராஜா வீதியில் வந்தால் வீதியே குனிந்தது, மச்சில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்தடித்து இறங்கினார்கள், தென்னையின் உச்சியில் மாட்டிக்கொண்டவன் ஊர்வலம் போய் முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டு தானும் ஒரு தேங்காய் என்று நினைத்துக்கொண்டான். இப்படிக் குனிந்து குனிந்து, நிமிர்வதற்குள் அடுத்த குனிவு வந்துவிட, அந்தப் பாளையத்து ஜனங்களின் முதுகு தலைமுறை தலைமுறையாக வில்லாக வளைந்து, பிறக்கிற பிள்ளைகூடத் தரையைப் பார்த்துக்கொண்டு பிறந்தது.

அந்த ஊரில் அரண்மனைக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற சங்கிலி ஆசாரிக்கு ஒரு மகள், முப்பிடாதி. வயதுக்கு வந்த வருஷமே அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு குதிரை வியாபாரிகளின் கூட்டத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டாள். துறைமுகத்தில் அரபி பேசக் கற்றாள், பரங்கிப் பாஷை கற்றாள், முழுகிப்போன சரக்குக்கு யார் பொறுப்பு என்று மாலுமிகள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள், பிறகு ஒரு நாள் அரண்மனைக்கு வந்த குதிரைகளோடு திரும்பி வந்து லாயத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். போகும்போது இருந்த வாய் திரும்பும்போது இன்னும் நீண்டிருந்தது என்று தெருவில் சொன்னார்கள். இதையெல்லாம் ஒரு ஆண்பிள்ளை செய்திருந்தால் தேசம் சுற்றிய அறிவாளி என்று திண்டு போட்டு உட்காரவைத்திருப்பார்கள். இவள் செய்ததனால் ஓடிப்போனவள் என்றார்கள். ஓடிப்போனவள் என்றால் திரும்பி வந்ததற்கு என்ன பெயர் என்று அவள் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் ராஜா கட்டியராயருக்குப் பட்டத்து ராணி செண்பகவல்லியின்மேல் வெறுப்பு வந்துவிட்டது. கல்யாணத்தை அவிழ்க்க வேண்டும். பாளையத்தில் கல்யாணங்களை அவிழ்க்கிற, முடிச்சிடுகிற அதிகாரமெல்லாம் மடத்துப் பெரிய தம்பிரானிடம் இருந்தது, அவரோ முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். படைக்குத் தலைவரான தளவாய் விருமப்பர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். குதிரைக் கணக்குச் சொல்ல வந்து கதவோரம் குனிந்து நின்ற முப்பிடாதிதான் வாயைத் திறந்தாள்.

"மகராசா, அவுக கழுத்துல தாலி கட்டுனது நீங்களா, உங்க கத்தியா?"

கேட்க வேண்டிய கேள்விதான். பாளையக்கார ராஜாக்கள் பெண்வீட்டுக்குப் போவதில்லை. தங்கள் கத்திக்குப் பொட்டு வைத்து, பூச்சுற்றி, பல்லக்கில் ஏற்றி அனுப்புவார்கள், பெண் அந்தக் கத்திக்கு மாலை போட்டால் கல்யாணம் முடிந்தது.

"கத்திதான்," என்றார் ராஜா.

"அது யாரு கத்தி மகராசா? உங்க அண்ணாச்சிக்குன்னு எங்கப்பா அடிச்ச கத்தி. அவுக பட்டத்துக்கு வரும் முன்னயே காய்ச்சல்ல போய்ட்டாவ, கத்தி உங்க இடுப்புக்கு வந்துட்டு. மாலை விழுந்தது அண்ணாச்சி கத்திக்கு. அப்போ அவுக உங்களுக்கு மதினிதானே, பொண்டாட்டி எப்படி ஆவாவ?"

சபை மூச்சை உள்ளே இழுத்தது. தம்பிரான் அப்படியொரு சாஸ்திரம் இல்லை என்றார். எந்த சாஸ்திரத்தில் கத்திக்கு மாலை போடச் சொல்லியிருக்கிறது, அதை முதலில் காட்டுங்கள், இதை நான் காட்டுகிறேன் என்றாள் முப்பிடாதி. அன்று மத்தியானத்துக்குள் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. தாய்வீட்டுக்குப் புறப்பட்ட செண்பகவல்லி பல்லக்குத் திரையை விலக்கி அவளைப் பார்த்தாள். "கத்திக்குக்கூட ஒரு ஆள் பேரு இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல போல," என்றாள். முப்பிடாதி பல்லக்கின் பின்னால் நாலடி நடந்தாள். ஆனால் பல்லக்கு தெருமுனை திரும்புவதற்குள் அரண்மனையிலிருந்து ஆள் வந்துவிட்டான், அவளும் போய்விட்டாள். நல்லவள் என்று சொல்ல இந்தக் கதை வரவில்லை.

ராஜா தன் கையால் அவள் தலையில் மந்திரிப் பட்டுத்துணியைக் கட்டினார். கட்டி முடித்துக் கையை எடுத்தபோது அவள் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். கொலுசு இறுகியது, சேலைக்கரை கணுக்காலுக்கு மேலே ஏறியது, வேறொன்றும் ஆகவில்லை. முதலில் கவனித்தவர் தளவாய்தான்.

"மகராசா, மந்திரியம்மா குனிஞ்சு நிக்கும்போதே தலை உங்க தலைக்கு ரெண்டு விரக்கடை மேல நிக்கு. சட்டம் என்னன்னு உங்களுக்கே தெரியும்."

வெட்டுச் சேவகன் உடையான் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவன் துப்பிவிட்டு உள்ளே வந்தான். ராஜா முப்பிடாதியைப் பார்த்தார். தன்னை ஒரே பேச்சில் விடுதலை செய்தவளை ஒரே வெட்டில் இழப்பதற்கு அவருக்கு மனசில்லை.

"இப்பதானே வேய் பட்டைக் கட்டுனேன். கட்டுன கையோட தலைய எடுத்தா துணி தெண்டமாயிரும்லா. அவ ஒசந்துட்டான்னா என்னைக் கொஞ்சம் ஒசத்துங்க," என்றார்.

அந்தப் பாளையத்தில் அன்றைக்கு நடந்த தவறு அதுதான். ஒரு தலையை எடுத்திருக்கலாம், அல்லது ஒரு சட்டத்தை எடுத்திருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டுக் கொத்தனார் சிவனணைந்தானைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் சுண்ணாம்பும் கல்லும் கொண்டுவந்து சிம்மாசனத்துக்கு அடியில் ஒரு படி கட்டினார். ராஜா ஏறி உட்கார்ந்தார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் முடித்தால் ஒரு சாண் வளர்வதும், ராஜாவுக்கு ஒரு படி கூடுவதும் ஐப்பசியில் மழை வருவதுபோல வழக்கமாகிவிட்டது. எல்லைச் சண்டையைப் பேசித் தீர்த்தாள், வளர்ந்தாள். சுங்கச்சாவடியில் தளவாயின் மருமகன்கள் தின்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள், வளர்ந்தாள். நெசவாளர்கள் இரண்டு சேலையைச் சேர்த்து நெய்யப் பழகினார்கள், பிறகு மூன்றை. தறிக்குழி போதாமல் தெருவில் பாவு விரித்தபோது வண்டிக்காரர்கள் முணுமுணுத்தார்களே தவிர, மந்திரியம்மா சேலை என்றதும் மாட்டைத் திருப்பி ஓட்டினார்கள். சபையைக் கூரைக்கு வெளியே முற்றத்துக்கு மாற்றினார்கள். சந்தையில் அவள் நின்றால் விழுகிற நிழலில் கீரைக்காரிகள் கூடையோடு நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டு, அவள் கிளம்பினால், "இன்னும் ஒரு நாழி நின்னா என்ன தாயி, தண்டங்கீரை வாடுதுல்லா," என்று கோபித்துக்கொண்டார்கள். வண்ணான் துறையில் துணி விரிப்பதற்கு முன்னால் மேற்கே மேகம் எங்கே நிற்கிறது என்று அவளிடம் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் நிலாவைக் காட்டுவதை விட்டு மந்திரியைக் காட்டினார்கள்.

பேச்சும் இருந்தது. பொட்டப்பிள்ளைக்கு இத்தனை உயரம் ஆகாது, இவளை எவன் கட்டுவான் என்று குழாயடி இல்லாத காலத்தில் கிணற்றடியில் பேசினார்கள். காதில் விழுந்தால் முப்பிடாதி மேலேயிருந்து பதில் சொல்வாள். "என்னைக் கட்டுறவனுக்கு ஏணி வேணும், உங்களைக் கட்டுனவனுக்குப் பொறுமை வேணும். எது சுலபமா கிடைக்கும், சொல்லுங்க."

அப்பா சங்கிலி ஆசாரி மட்டும் அவள் தெருவுக்கு வந்தால் உலைத்துருத்தியை நிறுத்தாமலே கேட்பார்: "ஏட்டி, இன்னும் எம்புட்டு?"

"தெரியலப்பா. வேலை நெறைய கெடக்கு."

மழை பொய்த்த வருஷம் வந்தது. ஜனங்கள் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றார்கள். தானியம் மடத்திலும் இல்லை, எல்லாம் ஈசன் செயல் என்று பெரிய தம்பிரான் சொல்லியனுப்பினார். முப்பிடாதி மடத்துத் தெருவில் நடந்தாள். மடத்தின் மதில் பாளையத்திலேயே பெரியது, ஆனை நின்றாலும் உள்ளே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. பின்கட்டில் வரிசையாகக் குதிர்கள், குதிர் நிரம்பி வெளியே கொட்டிக்கிடந்த நெல்லில் மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் மதிலுக்கு மேலே கையை ஊன்றிக்கொண்டு, பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தம்பிரானைக் கூப்பிட்டாள்.

"சாமி, ஈசன் செயல் ரொம்ப அம்பாரமாத் தெரியுதே."

"மடத்துக்குள்ள எட்டிப் பாக்குறது பாவம்மா," என்றார் தம்பிரான், கழுத்தை நிமிர்த்த முடியாமல் மதிலின் அடிக்கல்லைப் பார்த்துக்கொண்டு.

"எட்டிப் பாக்கல சாமி. நேராத்தான் பாக்கேன்."

குதிர்கள் திறந்தன. நெல் மட்டுமல்ல, மடத்துக்கென்று எழுதி வைக்கப்பட்டு யாரும் உழாமல் கிடந்த நிலங்களும், மதிலுக்குள் இழுத்துக் கட்டப்பட்ட குளமும் திறந்தன. ஊரான் வீட்டுச் சொத்தைப் பிடுங்கினாள், தர்மத்தை இடித்தாள் என்று தம்பிரானின் ஆட்கள் பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு இன்றைக்கும் அவளைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக் கட்டியவர்களின் வயிறு அந்த வருஷம் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அந்த வருஷம் ஏழரைக்கோட்டையில் ஒரு பிள்ளைகூடப் பசியால் சாகவில்லை, முப்பிடாதி பனைமரத்தின் கழுத்துக்கு வந்திருந்தாள்.

வளர்ச்சி நியாயத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது ராணியைக் கட்டியிருந்த ராஜாவிடமிருந்து, முதல் கல்யாணம் நடக்கவே இல்லை என்று எல்லோரும் சபையில் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் செய்தார்கள். அரண்மனைப் புலவர் ஆண்டியப்பர் மட்டும் மாட்டேன் என்றார்.

"நடக்கலைன்னு எப்படித் தாயி சொல்லுவேன்? அந்தக் கல்யாணத்துல நான் சாப்பிட்டிருக்கேன். பாயசம்கூட நல்லாருந்தது."

முப்பிடாதி அவருக்கு அவகாசம் கொடுத்தாள், ஆள் அனுப்பினாள், அவர் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து தானே கெஞ்சினாள். ராஜாவிடம் மட்டும் கெஞ்சவில்லை, கெஞ்சியிருந்தால் பட்டுத்துணி போயிருக்கும். உடையான் வாளைத் தூக்கிய நாளில் புலவர் அவளை அண்ணாந்து பார்க்க முயன்று, முடியாமல், அவள் பாதத்திடம் சொன்னார்: "என் சாவு உனக்கு ஒரு சாண், என்ன?"

ஒரு சாண்தான். அதற்குப் பிறகு கீரைக்காரிகளில் பாதிப்பேர் வெயிலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். 

இதற்குள் ராஜா வெகு உயரத்துக்குப் போயிருந்தார். சிவனணைந்தான் கட்டிய படிகள் கோபுரமாகி, கோபுரத்தின் உச்சியில் சிம்மாசனமும், அதற்கு மேலே ஒரு குடையும் இருந்தன. சாப்பாடு கூடையில் கயிறு கட்டி மேலே போனது. மேலே காற்று நன்றாக இருந்தது, மனுக்கொடுக்க வருகிறவர்களின் அழுகை கேட்கவில்லை, ராஜாவுக்கு இறங்கி வரவே தோன்றவில்லை. அவர் உத்தரவுகளைப் படிக்கு ஒருவனாக உட்கார்ந்திருந்த கட்டியக்காரர்கள் கீழே கடத்தினார்கள். கீழே முப்பிடாதி ஆண்டாள்.

இரண்டாவது ராணி பிரசவத்தில் இறந்துபோனாள். மூன்றாவது கல்யாணத்துக்கு முப்பிடாதிதான் பெண் பார்த்தாள். மேற்கே மலையடிவாரத்துப் பாளையத்து இளவரசி பெரியநாச்சி. அந்தக் கல்யாணம் நடந்தால் ஆற்றுத் தண்ணீர் அணைக்கட்டைத் தாண்டி இங்கே வரும். புதுக் கத்தி ஒன்றை, இந்த முறை ராஜா பெயருக்கே அடித்த கத்தியை, பல்லக்கில் அனுப்பினாள். மாலை விழுந்தது. தண்ணீரும் வந்தது. பெரியநாச்சியும் வந்து கோபுரத்துக்குக் கீழே நின்றாள்.

மேலேயிருந்து உத்தரவு இறங்கியது: "ராணி ஏறி வரணும்."

"அம்புட்டுப் படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்கும். ஆசையிருந்தா அவுக இறங்கி வரட்டும்," என்றாள் பெரியநாச்சி.

ராஜா குடைக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். அழகான கண்கள் என்று முப்பிடாதி சொல்லியிருந்தாள். அவருக்குத் தெரிந்தது ஒரு வகிடு. பக்கத்தில் தோழியின் வகிடு, அதற்குப் பக்கத்தில் சமையல்காரியின் வகிடு. எதில் என்ன வித்தியாசம்? ஏமாற்றிவிட்டாள் என்று அவர் கத்தியது படிப்படியாகக் கீழே இறங்கி வந்தபோதும் கோபம் குறையாமலே வந்து சேர்ந்தது.

தளவாய் விருமப்பர் இத்தனை வருஷம் அந்த ஒரு கோபத்துக்காகத்தான் காத்திருந்தார். அன்றைக்கே படியெல்லாம் மூச்சிரைக்க ஏறிப் போய், கல்லுக்குத் தட்டுப்பாடு வந்த மாதத்தில் மந்திரியின் தலை சிம்மாசனத்துக்கு மேலே போய்விட்டதையும், கொத்தனார் அதை மறைக்க ராஜாவின் குஷனுக்கு அடியில் இன்னொரு குஷன் வைத்ததையும் சொன்னார். அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு எத்தனை அயோக்கியத்தனம் செய்யலாம் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். சட்டம் மீறப்பட்டது என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. பட்டுத்துணியை அவிழ்க்க ஏணி கொண்டுவந்தார்கள்.

அவளை அடைக்கிற அளவுக்குச் சிறை இல்லாததால் ஆனைக் கொட்டாரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சங்கிலி போட்டார்கள். பதவியால் வந்த உயரம் பதவியோடு போகும், இந்தக் கழுத்துக்கு இப்போது வாள் போதாது, கொஞ்ச நாள் பொறுங்கள், உடையானுக்கு எட்டுகிற அளவுக்குக் குறைந்துவிடுவாள் என்று தம்பிரான் ஊருக்கு உறுதி சொன்னார். ஜனங்கள் தினமும் வந்து கொட்டாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் பாதத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாசல் கல்லிலிருந்து பாதம் ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை.

அப்பா வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் முகம் அவள் காதளவுக்கு இருந்தது.

"ஏட்டி, மன்னிப்புக் கேளு. கொஞ்சம் குறுகிக்க. தம்பிரான் சொல்லுதாருல்லா, குறைஞ்சிரும்னு. குறைஞ்சிட்டா விட்டாலும் விட்டுருவாவ."

"குறைஞ்சா வெட்டத்தானப்பா எட்டும்."

"அதுவும் சரிதான்," என்றார் ஆசாரி. அவள் காதில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டு, "பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு. புலவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் மேல நின்னதால தெரியல." சங்கிலி குலுங்க அவள் பெருமூச்சு விட்டாள், கொட்டாரத்து வைக்கோல் பறந்தது. "ஆனா ஒண்ணு பாத்தீங்களா? பட்டை எடுத்துட்டாவ, அரண்மனையை எடுத்துட்டாவ, ஒசரம் அப்படியே இருக்கு. அப்போ இதை அவுக குடுக்கல. அவுக குடுக்காததை அவுக எப்படி அளப்பாவ?"

"வாய் மட்டும் குறையவே இல்ல," என்று ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணை நாளில் முற்றம் நிறைந்தது. முப்பிடாதியைக் கோபுரத்துக்கு எதிரே எழுப்பி நிறுத்தினார்கள். தளவாய் குற்றத்தைச் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

"என் தலை ஒசந்துதான் போச்சு. ஆனா எதுலருந்து அளந்தீங்க? நான் தரையில நிக்கேன், மகராசா கல்லு மேல இருக்காவ. கல்லோட ஒசரமும் ராஜா ஒசரம்னா, அந்தக் கல்லைக் கட்டுன சிவனணைந்தான் மேலேதான் முதல்ல நின்னாரு, அவருக்குத்தான் முதல்ல தலை போகணும். அளக்கணும்னா ரெண்டு பேரையும் சமதரையில நிறுத்தி அளங்க. மகராசா இறங்கி வரட்டும்."

தளவாய்க்குச் சிரிப்பு வந்தது. சமதரையில் நின்றால் பனைமரத்தின் கழுத்தளவு நிற்கிறவள் குற்றவாளியா இல்லையா என்று குருடன்கூடச் சொல்லிவிடுவான். தானே குழி வெட்டிக்கொள்கிறாள், வெட்டட்டும் என்று ஒப்புக்கொண்டு மேலே ஆள் அனுப்பினார். அவள் சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றால் இறங்கலாம் என்று ராஜாவுக்கும் தோன்றியது. சாப்பாட்டுக் கூடை போதாமல், நெல் அளக்கிற பெரிய கூடையை ஏற்றி, அதில் அவரை உட்காரவைத்து, கயிற்றை மெல்ல மெல்ல விட்டார்கள். வானத்திலிருந்து ஒரு ராஜா இறங்கி வருவதை ஏழரைக்கோட்டை குனிந்த கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

கூடை தரையைத் தொட்டது. ராஜா எழுந்து வெளியே கால் வைத்தார். இத்தனை வருஷம் நடக்காத கால் அவரைத் தாங்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ராஜாவின் தலை பாளையத்திலேயே தாழ்ந்த தலையாக ஆனது அந்த நொடியில்தான். முதலில் தெரிந்துகொண்டவர்கள் கட்டியக்காரர்கள். படியிலிருந்து உருண்டு வந்து தரையில் குப்புற விழுந்தார்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசை விழுந்தது, பிறகு அடுத்தது, சோளக்கொல்லையில் காற்று போவதுபோல முற்றம் முழுதும் மடிந்து படுத்தது. தளவாய் விழுந்தார், தம்பிரான் விழுந்தார், கர்ப்பிணிகள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டார்கள், ஆசாரி விழுந்தார், உடையான் வாளோடு விழுந்தான். அளவுக்காக நிறுத்தப்பட்டிருந்த முப்பிடாதி மட்டும் நின்றாள்.

"அளந்தாச்சு," என்றார் தளவாய், வாயில் மண்ணோடு. "எடே உடையான், வெட்டுடா."

"எந்திரிச்சாத்தானே ஐயா வெட்ட முடியும்?" என்றது உடையானின் குரல் எங்கேயோ தரைமட்டத்திலிருந்து. "நான் எந்திரிச்சா என் தலை மகராசா தலைக்கு மேல போயிருமே. அப்போ என்னை யாரு வெட்டுவா?"

"முட்டிபோட்டுக்கிட்டு வெட்டு."

"முட்டி போட்டாலும் போகுது ஐயா. மகராசா உக்காந்துல்லா இருக்காவ. அதுவும் இந்தம்மாவுக்கு முட்டி போட்டு என்னத்தை வெட்ட? சுண்டுவிரலையா?"

படுத்துக்கிடந்த கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண் சிரித்துவிட்டாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு தளவாயின் முதுகில் சாட்டையாக விழுந்திருக்க வேண்டும். அவர் துள்ளி எழுந்து உடையான் கையிலிருந்த வாளைப் பிடுங்கிக்கொண்டு முப்பிடாதியை நோக்கி ஓடினார்.

"தளவாய்," என்றாள் முப்பிடாதி, ரகசியம் சொல்கிற குரலில். "உங்க தலை எங்கே இருக்குன்னு பாத்தீங்களா?"

எல்லோரும் பார்த்தார்கள். தளவாயும் பார்த்தார். ராஜாவின் கிரீடம் அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. வாள் கையிலிருந்து விழுந்தது, அதற்குப் பின்னால் அவரும் விழுந்தார்.

 முப்பிடாதிதான் பேசினாள். "மகராசா, நீங்க மேல இருந்தப்ப நாங்க குனிஞ்சா போதும்னு இருந்தது. நீங்க தரைக்கு வந்ததும் படுக்க வேண்டியதாயிட்டு. இனி உங்களைத் தூக்கிட்டுப் போறதுக்குக்கூட ஒருத்தரும் எந்திரிக்க முடியாது. உழுறவன் படுத்துக்கிட்டு உழணும், புள்ளை பெறுறவ படுத்துக்கிட்டே வளக்கணும். உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொண்டுவரணும்னா ஊந்துதான் வரணும், வர்றதுக்குள்ள கொட்டிரும். என் தலைய எடுங்க, வேணாம்னு சொல்லல. எடுக்கறதுக்கு ஒரு ஆளு நிக்கணும். எந்தத் தலைக்கும் மேல ஒரு தலை இருக்கலாம்னு நீங்க சொன்னாத்தான் அவன் நிப்பான். சொல்லிட்டா என்மேல குத்தம் இல்ல. சொல்லலைன்னா இந்த ஊரு இப்படியே கெடக்கும். ரெண்டுல எதுன்னு உங்க இஷ்டம்."

ராஜா சுற்றிலும் பார்த்தார். இத்தனை வருஷம் கழித்துத் தரைக்கு வந்தும் அவருக்குத் தெரிந்தவை வகிடுகள்தான். பின்கழுத்துகள், கொண்டைகள், வழுக்கைகள். இறங்கி வந்தால் முகம் தெரியும் என்று அவர் மனசுக்குள் எங்கேயோ எண்ணியிருக்க வேண்டும். ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. அது மிக உயரத்தில், சங்கிலிகளுக்கு மேலே, அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க," என்றார் ராஜா.

ஒருவரும் அசையவில்லை. எத்தனை தலைமுறைப் பயம், ஒரு வார்த்தைக்கு எழுந்துவிடுமா? சூதாக இருக்கும் என்று நினைத்து இன்னும் ஒட்டிப் படுத்தார்கள்.

"சட்டம் இனி இல்ல. நான் சொல்லுதேன். எந்திரிங்கய்யா, எனக்குத் தண்ணி தவிக்கு."

அப்போதும் இல்லை. பிறகு ஓரத்திலிருந்து பெரியநாச்சி, "எனக்குக் கழுத்து வலிக்கு," என்று சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள், சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், எழுந்து நின்றாள். தலை இருந்தது. உடையான் ஒரு கண்ணால் அதைப் பார்த்துவிட்டு எழுந்தான். ஆசாரி எழுந்தார். கீரைக்காரிகள் எழுந்தார்கள், வெயிலில் உட்கார்ந்தவர்களும் நிழலில் உட்கார்ந்தவர்களும்.

"மந்திரிக்கு என்ன வேணும்?" என்றார் ராஜா, பெரியநாச்சி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு. அடக்கமாக ஏதாவது சொல்வாள், காசிக்குப் போகிறேன் என்பாள் என்று தம்பிரான் எதிர்பார்த்தார். அவள் போகவில்லை, ஏன் போக வேண்டும்?

"என் வேலை வேணும் மகராசா. பட்டும் வேணும், இந்தத் தடவை பெருசா நெய்யச் சொல்லுங்க. புலவர் வீட்டுக்கு நான் போகணும், அதுக்கு உங்க உத்தரவு வேண்டாம். பெறவு தளவாய்க்கு வேற வேலை பாக்கணும், அவுகளுக்கு ஓடத் தெரியுது."

சங்கிலியை உடையானே அவிழ்த்தான். எல்லோரும் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், ஆனால் வழக்கப்படி குனிந்துதான் நின்றார்கள், ஏனென்றால் வேறு விதமாக நிற்க அவர்களுக்குத் தெரியாது. மேற்கே அணையைத் தாண்டி வந்த தண்ணீர் வாய்க்காலில் இரையும் சத்தம் கேட்டது. அப்போது ஒரு கிழவி, யாரென்று தெரியாது, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல முதுகை நிமிர்த்தினாள். காய்ந்த மூங்கில் வெடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவன் நிமிர்ந்தான், இன்னொரு வெடி. பிறகு பத்து, நூறு, முற்றம் முழுதும், முற்றத்துக்கு வெளியே தெருத்தெருவாக, வயல்வெளியில் களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள்வரை, தலைமுறைக் கணக்கில் மடங்கிக்கிடந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நெட்டி முறிந்து நிமிர்ந்தன. பக்கத்துப் பாளையத்தில் கேட்டவர்கள் படையெடுப்பு என்று கோட்டைக் கதவைச் சாத்தினார்கள்.

நிமிர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெற்றியோடு நெற்றியாகப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று அரண்மனை வாசலுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வாசல்நிலையின் மேல்கட்டை மண்டையில் இடித்தது.

"எவன்டே இவ்வளவு தாழக் கட்டுனது?" என்று ஒருவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டான்.

யாரும் குனியவில்லை. வரிசை நின்றது. சிவனணைந்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரும் வரைக்கும் காத்திருந்தார்கள். அதுவரைக்கும் சும்மா நிற்பானேன் என்று, வாசலுக்கு உள்ளே மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு முப்பிடாதி அடுத்த மனுக்காரரைக் கூப்பிட்டாள்.